கோலா கெத்தில் போன தவிடு

எதையும் நாள் குறித்து எழுதுகிற பழக்கம் உள்ளவன் நான். இந்தப் பயணத்தைச் சுபானு வருஷம் ஆவணி மாதம் என்று குறித்திருக்கிறேன். மலாய் நாட்டில், அலோர் ஸ்டாரில் நான் தங்கியிருந்த கடையின் சுவரில் தொங்கிய ஜப்பான் நாட்காட்டி அதே வருஷத்தை 2603 என்றது. கடை முதலாளி பாய் ஹிஜ்ரிக் கணக்கில் வேறொன்று சொன்னார். வெள்ளைக்காரன் கணக்கான 1943 என்ற எண்ணை மட்டும் ஜப்பான் ஆட்சியில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடிகாரங்களையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவைத்திருந்தார்கள். இருட்டு விலகாமலே விடிந்துவிட்டது என்று எழுந்து கடை திறந்தோம்.

எனக்கு ஊர் நாகப்பட்டணம். பள்ளிக்கூட வாத்தியார். ஒரே தங்கை செல்லத்தைக் கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று லீவு போட்டுக் கப்பலேறியவன், யுத்தம் வந்து கப்பல் நின்றுபோனதில் கடலுக்கு இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டேன். வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் தோட்டத்தில் பங்கீடு. தங்கை சோற்றில் பாதி தின்பதைவிட மேல் என்று அலோர் ஸ்டாருக்கு வந்து, நாகூர்க்காரரான பாயின் கடையில் ஒண்டிக்கொண்டேன்.

ஒருநாள் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிற டிரசர் கடைக்கு வந்தார். வெள்ளைக்கார டாக்டர் ஓடிப்போன பிறகு ஆஸ்பத்திரிச் சாவி அவரிடம்தான் இருந்தது. உள்ளே மருந்துதான் இல்லை. அதைத் தேடி அலோர் ஸ்டார் முழுக்க அலைந்துவிட்டு, வெறுங்கையோடு வந்து நாற்காலியில் விழுந்தார்.

“சார், உங்க தங்கச்சிக்கு ஆம்பிளப் பிள்ளை. அது சந்தோஷம். அவங்களுக்குக் காலு வீங்கியிருக்கு. அது சந்தோஷமில்ல.”

செல்லம் ஏற்கனவே இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவள். அவள் புருஷன் முத்தையாவை வைகாசியில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவன் போன பிறகு பிறந்த பிள்ளை இது.

டிரசர் கோபமாகவே பேசினார். முன்பு ரங்கூனிலிருந்து புழுங்கல் அரிசி வந்தது. அதைத் தின்றவரைக்கும் தோட்டத்தில் இந்த வீக்கம் இல்லை. இப்போது மரவள்ளிக்கிழங்கு மாவு. எப்போதாவது அதிர்ஷ்டம் அடித்தால் மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி.

“அரிசி மேல சிவப்பா ஒட்டியிருக்கே, அதுலதான் சார் உயிர்ச்சத்து. அதைச் சுரண்டி எடுக்கக் கூலி குடுக்குறோம். சுரண்டினதைக் கோழிக்குப் போடுறோம். அப்புறம் ஊசிக்கு அலையுறோம். காலு வீங்கினவன் காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல போய் நிக்க முடியாது. நிக்காதவனுக்குப் பங்கீட்டுல பாதி வெட்டு. பாதி தின்னா இன்னும் வீங்கும். பெத்தவ உடம்புல சத்தில்லன்னா பாலுலயும் இருக்காது, பிள்ளைக்கும் அதே நோவுதான். தவிட்டைக் கிழங்கு மாவுல கலந்தா போதும், இத்தனையும் நிக்கும். எனக்கு வேற மருந்து தெரியல. இந்த ஊருல மில்லு இருக்கு. தவிடு வாங்கிட்டு வாங்க.”

இதெல்லாம் நான் யுத்தத்துக்கு முன்பே பத்திரிகையில் படித்ததுதான். கத்தரித்து ஒட்டிக்கூட வைத்திருந்தேன். ஒட்டி வைத்ததோடு சரி.

பாய் மூன்று மூட்டைத் தவிடு பிடித்துக்கொடுத்தார். கட்டும்போது கேலி வேறு.

“முதல் தடவையா மருமவனைப் பார்க்கப் போறீரு. தாய்மாமன் சீர் தவிடா? எங்க நாகூருலகூட இப்படி ஒரு கல்நெஞ்சைப் பார்த்ததில்ல ஓய்.”

அது சுருக்கென்று தைத்தது. பிள்ளை பிறந்த வீட்டுக்கு மாமன் என்ன கொண்டுவந்தான் என்று ஊரே எட்டிப் பார்க்கும் வழக்கம் கடல் தாண்டியும் மாறவில்லை. கெஞ்சிக் கூத்தாடி ஒரு சிறு பை வெள்ளை அரிசியும் வாங்கிக்கொண்டேன். எந்த அரிசி அவளை வீங்க வைத்ததோ, அதே அரிசி. அதுதானே சீராகத் தட்டில் வைக்க அழகாக இருக்கும்?

கரி பஸ்ஸில் போனவர்களுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். பெட்ரோல் இல்லாததால் பின்னால் ஒரு பெரிய டப்பாவைக் கட்டி, அதில் கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். சமதரையில் ஓடியது. மேட்டைக் கண்டதும் நின்றது. “கரிக்கும் பசி. எல்லாரும் இறங்குங்க,” என்று டிரைவர் மலாயில் சொன்னார். இறங்கித் தள்ளினோம். எங்கள் ஊர் மாட்டு வண்டி மேட்டில் நின்றால் மாட்டையாவது திட்டலாம். இங்கே திட்ட ஆளில்லை. தள்ளி முடித்து ஏறியபோது எல்லோர் முகமும் ஒரே நிறமாயிருந்தது. ஒரு சீனக் கிழவர் தன் முகத்தைத் துடைத்த துணியை அப்படியே என்னிடம் நீட்டினார்.

“என்ன அண்ணே, இவ்ளோ பெரிய மூட்டை?” என்று கோழிக்கூடையோடு பக்கத்தில் இருந்த ஒரு பெண் கேட்டாள்.

தவிடு, என் தங்கை தின்பதற்கு என்று சொல்லியிருக்கலாம்.

“மாட்டுக்குத் தவிடு.”

“குடுத்து வச்ச மாடு லா! நம்மளுக்கு யாரு இப்படித் தூக்கிட்டு வர்றா?”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வழியில் சோதனைச் சாவடி. வரிசையாக இறங்கி ஜப்பான் சிப்பாயின் முன் குனிந்து கும்பிட வேண்டும். என் முதுகு போதுமான அளவு வளையவில்லை போலிருக்கிறது. கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. பிறகு மூட்டைகளைத் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திப் பார்த்தான். தவிடு கொட்டியது. முகத்தைச் சுளித்துக்கொண்டு காலால் தள்ளினான். மடியில் இருந்த வெள்ளை அரிசிப் பையைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது என்று சட்டமாம். பை அவன் பக்கம் போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால் எனக்கு அவன் உபகாரமே செய்தான். அப்போது அப்படித் தோன்றவில்லை. சீர் போய்விட்டதே என்றுதான் அழுகை வந்தது. கோழிக்காரப் பெண் கீழே கொட்டிய தவிட்டை முந்தானையில் வழித்துக் கொண்டுவந்து மூட்டையில் போட்டாள். “மாட்டுக்குப் பசிக்குமே அண்ணே,” என்றாள்.

சுங்கைப் பட்டாணியில் பஸ் கரி வாங்க நின்றபோது ஒரு மலாய்க்காரப் பெண் வாழையிலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்றாள். மேலே துளி தேங்காய்ப்பூ. உப்பு இல்லை. உப்பு எங்கே என்று கேட்டதற்கு, “கடலில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்,” என்றாள். எங்கள் வீட்டில் காலையில் பழைய சோறு. புழுங்கலரிசிச் சோற்றில் ராத்திரி ஊற்றிய தண்ணீர் மெல்லப் புளித்திருக்கும், கூட ஒரு கருவாட்டுத் துண்டு. நான் அதை ஏழைச் சோறு என்று நினைத்து, பட்டணத்து உறவினர்கள் வந்தால் ஒளித்து வைக்கச் சொல்வேன். அந்தக் கிழங்கை மென்றபடி அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கோலா கெத்திலிலிருந்து தோட்டத்துக்கு மாட்டு வண்டி. வண்டிக்காரன் அந்தத் தோட்டத்து ஆள்தான். அவனும் மூட்டையைப் பற்றிக் கேட்டான். பஸ்ஸில் சொன்ன பதில் நாக்கிலேயே இருந்தது. “டிரசர் வீட்டு மாட்டுக்கு” என்று கூடுதலாக ஒன்றையும் சேர்த்தேன். டிரசரிடம் ஒரு மாடு இருந்தது உண்மை.

ரப்பர் பால்மரங்களுக்கிடையே லாலான் புல் ஆள் உயரம் வளர்ந்திருந்தது. பாதி மரங்களை வெட்டிக் கிழங்கு போட்டிருந்தார்கள். ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக லயத்து வீடுகள் தெரிய ஆரம்பித்ததும் வண்டிக்காரன் எழுந்து நின்றுகொண்டு கத்தினான்.

“ஏய், செல்லத்தோட அண்ணன் வந்திருக்காரு! டிரசர் மாட்டுக்குத் தவிடு கொண்டாந்திருக்காரு!”

நான் போய்ச் சேருமுன்பே என் பொய் போய்ச் சேர்ந்துவிட்டது.

செல்லம் வாசல் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தாள். கணுக்காலைத் தொட்டேன். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. மடியில் பிள்ளை. நான் குனிந்தபோது அவன் முகம் கோணி வாயைத் திறந்து அழுதான். சத்தம் வரவில்லை. வாய் திறக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, கண்ணில் தண்ணீர் வழிகிறது, சத்தம் மட்டும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழுகிற பிள்ளை மாதிரி இருந்தது.

“மூணு நாளா இப்படித்தான் அண்ணே. சமத்து. யாரையும் எழுப்ப மாட்டான்,” என்றாள் செல்லம். அவளுக்கும் தெரிந்திருந்தது. யுத்தம் வந்தபின் பிறந்து போன முந்தின பிள்ளையும் கடைசியில் இப்படித்தான் சத்தமில்லாமல் அழுததாம்.

அடுத்த வீட்டிலிருந்து ராக்காயி வந்தாள். முத்தையாவின் அக்கா, செல்லத்துக்கு நாத்தனார். பால்மரம் வெட்டிக் காய்த்த கை. துணி கிடைக்காததால் இடுப்பில் சாக்கைச் சுற்றியிருந்தாள். அதையும் கொசுவம் வைத்துத்தான் கட்டியிருந்தாள்.

“வாங்க வாத்தியாரே. மாமன் சீரு எங்க? வண்டியில பின்னால வருதா?”

அரிசி போன கதையைச் சொன்னேன். கன்னத்துச் சிவப்பையும் காட்டினேன்.

“அது சரி. மாட்டுக்கு மூணு மூட்டை பத்திரமா வந்திருச்சு. மருமவனுக்குக் கொண்டாந்ததுதான் வழியில காணாமப் போச்சு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இந்தத் தவிடுதான் மருமகனுக்கு என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. ராக்காயியின் பார்வைக்கு முன்னால் கன்னத்தைத்தான் தடவிக்கொண்டேன்.

செல்லம் எனக்குப் புட்டு செய்து வைத்தாள். கிழங்கு மாவுப் புட்டு, பஞ்சு மாதிரி வெள்ளை. டிரசர் இதற்கு முன்பே எங்கிருந்தோ கொஞ்சம் தவிடு பிடித்துப் பங்கீட்டு மாவில் கலந்துதான் கொடுத்துக்கொண்டிருந்தாராம். செல்லம் பெருமையாகச் சொன்னாள்.

“உனக்காக மூணு தரம் சலிச்சேன் அண்ணே. ஒரு பொட்டு செவப்பு இல்ல பாரு.”

சலித்த தவிடு ஒரு சிரட்டையில் இருந்தது. ராக்காயியின் ஆடு அதை நக்கிக்கொண்டிருந்தது. ஆட்டுக்குக் கால் வீங்கவில்லை.

மறுநாள் காலை டிரசர் என்னைக் கிழித்துவிட்டார். “என் மாட்டுக்குன்னு சொன்னீங்களாமே? இனிமே இவங்க தொடுவாங்களா?”

தொடவில்லை. அவர் மூட்டையைப் பிரித்து, பெரட்டு முடிந்த இடத்திலேயே நின்று விளக்கினார். நானும் என் பங்குக்கு உயிர்ச்சத்து என்று ஒரு பிரசங்கம் செய்தேன். நடுவிலேயே ராக்காயி எழுந்தாள்.

“வாத்தியாரே, என் தம்பியைச் சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனாங்க. சரின்னோம். கட்டத் துணியில்ல, சாக்கைக் கட்டுன்னாங்க. கட்டுனோம். இப்ப டிரசர் மாடு தின்ன மிச்சத்தைத் தின்னுங்கிறீங்க. இது ஒண்ணுதான் பாக்கி.”

யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சல்லடை தொங்குவதை அன்றுதான் கவனித்தேன். மற்றதெல்லாம் பிடுங்கப்பட்ட பிறகு அவர்களிடம் மிச்சமிருந்த கௌரவம் அதில்தான் இருந்தது. அதைக் கீழே இறக்கச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானே பஸ்ஸில் ஒரு கோழிக்காரிக்கு முன்னால் அந்தக் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டவன்தானே.

செல்லத்தைத் தனியாகக் கெஞ்சினேன். “யாருக்கும் தெரிய வேண்டாம். நீ மட்டும் தின்னு.”

“ஒரே கூரையடியில எது தெரியாது அண்ணே? நாளைக்கு எங்க நாத்தனார் சொல்வாங்க, கூடப்பொறந்தவன் கடல் தாண்டி வந்து தங்கச்சிக்குத் தவிடு போட்டான்னு. எனக்கொண்ணும் இல்ல. உனக்காகத்தான் வேணாங்கிறேன்.”

என் மானத்துக்காக அவள் சாகத் தயாராக இருந்தாள். அந்த மானத்தைத் தூக்கி எங்கே எறிவது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்திவிட்டான். உதடு நீலம் பாய்ந்தது. ராக்காயி வந்து பார்த்தாள். அவள் முகத்தில் கேலி எல்லாம் போய்விட்டிருந்தது. தம்பியின் பிள்ளை. தம்பி திரும்பி வருவானோ மாட்டானோ.

“இனி பார்த்துக்கிட்டு இருக்கக் கூடாது. நான் இவனைத் தவிட்டுக்கு வாங்கிக்கிறேன்,” என்றாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளை தங்காத வீட்டில் புதிதாகப் பிறந்ததை முறத்தில் கிடத்தி, வேறொருத்தியிடம் ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். தவிட்டு விலைக்குப் போனது என்று எமன்கூட மதிக்க மாட்டானாம். பெயரும் தவிடன் என்று வைப்பார்கள். இந்த மாதிரி வழக்கங்களை அறியாமை என்று ஊரில் இருக்கும்போது பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

“உங்க மூட்டையில ஒரு பிடி குடுங்க வாத்தியாரே. டிரசர் மாட்டுக்குக் குறைஞ்சிராது.”

மூட்டையைப் பிரிக்கக் குனிந்தேன். எழுந்தபோது என் வாய் தானாகப் பேசியது.

“எங்க நாகப்பட்டணத்துல ஒரு பிடிக்கெல்லாம் விக்க மாட்டாங்களே.”

“பின்னே?”

“ஆம்பிளப் பிள்ளைன்னா ஒரு மூட்டை. வாங்குறவங்களுக்கு வக்கிருந்தா.”

ராக்காயியின் மூக்கு விடைத்தது. “என் தம்பி பிள்ளைக்கு வக்கில்லாமப் போயிருமா? ஒரு மூட்டையே வைங்க. நெல்லு அறுத்ததும் உங்க டிரசருக்குத் திருப்பித் தரேன்.”

“வாங்குன தவிட்டைப் பெத்தவதான் தின்னு தீர்க்கணும். சலிக்கக் கூடாது. வேகவச்ச தண்ணியைத் தினமும் பிள்ளை நாக்குல விடணும். மாட்டுக்கோ ஆட்டுக்கோ போட்டா, பிள்ளையை மாட்டுக்கு வித்த மாதிரி.”

“எங்க ஆத்தா இதெல்லாம் சொன்னதில்லையே?”

“நீங்க மலைப் பக்கம். இது கடலோரத்து வழக்கம். செல்லத்தைக் கேட்டுப் பாருங்க.”

செல்லம் என்னைப் பார்த்தாள். எங்கள் தெருவில் அப்படி ஒரு வழக்கம் இல்லை என்பது என்னைப் போலவே அவளுக்கும் தெரியும். பிள்ளையைப் பார்த்தாள். “ஆமா,” என்றாள்.

முறத்தில் பிள்ளையைக் கிடத்தினார்கள். ராக்காயி மஞ்சள் தண்ணீர் தெளித்து, இரண்டு கையாலும் தவிட்டை அள்ளி அள்ளிச் செல்லத்தின் மடியில் போட்டாள். “இனி இவன் எம் பிள்ளை. தவிடு தீர்ற வரைக்கும் நீ எனக்குப் பால் குடுக்க வந்த ஆளு. ஒழுங்காத் தின்னு,” என்று அதட்டினாள். லயத்துப் பெண்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். டிரசரும் பார்த்தார். தவிட்டுத் தண்ணீரை எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், எத்தனை சொட்டு விட வேண்டும் என்பதையெல்லாம், அதுவும் சடங்கில் ஒரு பகுதி போல, முகத்தை மாற்றாமல் சொல்லிக்கொடுத்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்துப்போய், “இவ்வளவு நல்லாப் பொய் சொல்றவரு அதை வண்டியில ஏறும்போதே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார்.

ராக்காயி போல் ஒரு காவல்காரி கிடைக்க மாட்டாள். வேளைக்கு ஒரு தரம் வந்து செல்லத்தின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். ஆட்டை வேறு தூணுக்கு மாற்றிக் கட்டினாள். வாசலில் தொங்கிய சல்லடையைத் தானே கழற்றி உள்ளே வைத்தாள்.

முதலில் உதட்டின் நீலம் போனது. பிறகு பால் குடித்தான். ஒருநாள் காலை நான் கிணற்றடியில் நின்றபோது லயத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது, ஏதோ கதவு கீலில் தேய்வது போல. ராக்காயி ஓடி வந்து முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு ஊருக்கே அறிவித்தாள்: “எம் பிள்ளை கத்துறான்! காது குடுத்துக் கேளுங்கடி, எம் பிள்ளை கத்துறான்!”

அதன் பிறகு கைப்பிள்ளைக்காரிகள் ஒவ்வொருத்தியாகப் பிள்ளையை விற்றார்கள். மற்ற இரண்டு மூட்டையும் போயிற்று. டிரசர் சந்தோஷப்பட்டார். நானும் பட்டிருப்பேன். லயத்தின் கடைசி அறையில் ஒரு தனியாள் இருந்தார். மனைவி மக்கள் இல்லை. கால் வீக்கம் ஏறித் தொடைவரை வந்திருந்தது. தவிடு கொண்டுபோய்க் கொடுத்தபோது, “எனக்கேது விக்கிறதுக்குப் பிள்ளை? சும்மா தின்னா அது மாட்டுத் தீனிதானே சார்,” என்று சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் புறப்படுவதற்கு முன் அவரைப் புதைத்தார்கள். என் பொய்யில் பிள்ளை இல்லாதவர்களுக்கு இடம் வைக்க நான் மறந்துவிட்டேன்.

பெயர், நாள், கிழமை என்று எல்லாவற்றையும் எழுதுகிற நான், அந்தப் பத்து நாளைக் குறிப்பில் வெறுமையாக விட்டிருக்கிறேன். ஒரு வழக்கத்தை இட்டுக்கட்டினேன் என்று எழுதக் கூச்சம். அது உண்மை வழக்கம் என்று எழுதவும் கூச்சம்.

ஐப்பசி பிறந்ததும் ஜப்பான்காரர்கள் நாங்கள் இருந்த கெடா மாநிலத்தைச் சயாமிடம் கொடுத்துவிட்டார்கள். கொடி மாறியது. வருஷத்துக்கு 2486 என்று இன்னோர் எண்ணும் வந்து சேர்ந்தது. பாய் என்னைத் தெற்கே இன்னும் தள்ளியிருந்த செர்டாங்குக்குத் தேங்காய் விசாரித்து வர அனுப்பினார். திரும்பும் வழியில் கோலா கெத்தில் போகலாம் என்று ஒரு மூட்டைத் தவிடும் எடுத்துக்கொண்டேன்.

செர்டாங்கை நெருங்கும்போது பஸ் வழக்கம்போல் மேட்டில் நின்றது. தள்ளி முடித்து ஏறியபோது, பக்கத்தில் ஒரு நடுவயது அம்மாள் மடியில் ஒரு துணி முடிச்சோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் இருப்பதாகச் சொன்னாள். முடிச்சிலிருந்து பொடி கொட்டிக்கொண்டிருந்தது.

“என்ன அக்கா அது?”

“உமி, தம்பி. இடிச்சு மாவாக்கிக் கொண்டுபோறேன். மருமவளுக்கு.”

“உமியா? எதுக்கு?”

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “பிள்ளையை வித்திருக்கோம். நாகப்பட்டணத்து வழக்கம். உனக்குத் தெரியாது. ஆம்பிளப் பிள்ளைன்னா ஒரு மூட்டை தவிடு, பெத்தவ தின்னு தீர்க்கணும். ஆதி காலத்துலேர்ந்து உள்ளது. எங்க பக்கம் தவிடு எங்க கிடைக்குது? உமியும் நெல்லுல உள்ளதுதானேன்னு இடிச்சேன். தின்னா வயித்தைப் புரட்டுதுன்னு அழுவுறா. வழக்கத்தை விட முடியுமா? விட்டா பிள்ளை போயிருமே.”

வழக்கம் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. அதற்குக் காரணம் என்னவோ, அது மட்டும் வழியிலேயே இறங்கிவிட்டிருக்கிறது.

“அக்கா, அது பொய். அப்படி ஒரு வழக்கம் கிடையாது. கோலா கெத்தில்ல நான்தான் சொன்னேன். தவிட்டுல சத்து இருக்கு, அதைத் திங்க வைக்கிறதுக்காகச் சொன்னேன். உமியில ஒண்ணுமில்ல. அதைக் குடுக்காதீங்க.”

“நீ சொன்னியா?” அவள் பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தாள், சாட்சி கேட்பது போல. “ஆதி காலத்து வழக்கத்தை இவரு சொன்னாராம்! நீ எந்த ஊரு தம்பி?”

“நாகப்பட்டணம்.”

“நாகப்பட்டணத்துல பொறந்துட்டு நாகப்பட்டணத்து வழக்கம் தெரியல. படிச்ச புள்ளைங்க எல்லாம் இப்படித்தான் லா.” முடிச்சை இறுக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செர்டாங் கடைகள் தெரிய ஆரம்பித்தன. அவள் இறங்கிப் போனால் அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கும் உமிதான்.

“அக்கா,” என்றேன், “நீங்க சொல்றது சரி. மறந்துபோயிட்டேன். எங்க அப்பாவும் சொல்லியிருக்காரு. ஆனா உமி ஆகாதுன்னுதான் சொல்வாரு. உமி செத்த வீட்டுக்கு. செவப்புத் தவிடாத்தான் இருக்கணும்.”

அவள் மெல்லத் திரும்பினாள். “செத்த வீட்டுக்கா?”

“ஆமா. அப்புறம், பெத்தவ மட்டும் தின்னாப் பத்தாது. அந்த வீட்டுல சோறு திங்கிற எல்லாரும் திங்கணும். பக்கத்துல தனியாளு யாராவது இருந்தா, அவங்களையும் கூப்பிட்டு முதல்ல அவங்களுக்குப் போடணும். அப்பத்தான் பலிக்கும்.”

“அதானே பார்த்தேன்,” என்றாள் அவள். “அரைகுறையா சொல்லிட்டுப் போயிருக்காங்க.” ஜன்னல் வழியாக உமியை வெளியே உதறினாள். என் காலடியில் இருந்த மூட்டையைப் பார்த்தாள். நான் கட்டை அவிழ்த்து, அவள் துணி கொள்ளும் மட்டும் அள்ளிப் போட்டேன். முகம் நிமிர்த்த முடியவில்லை. அன்று மாடு என்றேன், பிறகு வழக்கம் என்றேன். உண்மையைச் சொன்ன ஒரே இடத்தில் யாரும் நம்பவில்லை.

பஸ் சாவடியில் நின்றது. இப்போது சிப்பாய்க்குப் பதில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர். உள்ளே ஏறி மூட்டையைத் தடியால் தட்டினார்.

“என்ன இது? மாட்டுக்கா?” என்று மலாயில் கேட்டார்.

“மாக்கான்,” என்றேன். சாப்பாடு.

“இதுவா? யாருக்கு?”

“மனுஷங்களுக்கு. என் தங்கச்சிக்கு. எனக்கும்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்துக்கொண்டே இறங்கினார். அந்த அக்கா சிரிக்கவில்லை. முடிச்சிலிருந்து சிந்திய நாலு துகளை விரலால் ஒற்றி எடுத்து, வாயில் போட்டு, மென்று பார்த்துக்கொண்டிருந்தாள்.